உன் கழுத்தில் என் சாவி!

"கழட்டுட்டீ அதை!"

"மேல கை வெச்சே... ஒடச்சுடுவேன்! இன்னாத்துக்குக் கழட்டணும்?"

"அது அவுக எனக்குக் குடுத்தது!"

"ஐயே! உனுக்குக் குடுத்தது உன் கழுத்துல கீதுல்ல? இது எனுக்குக் குடுத்தது!"

"பொய்! களவாணி! நான் லைனுக்குள்ள போகும்போது என் சாவியை எடுத்துட்டுப் போயி..."

"யார்மே களவாணி? நீதான் என் சாவியைச் சுட்டுகினு போயி டூப்ளிகேட் போட்டுகினு..."

"வாயைக் கழுவு!"

"நீ மொதல்ல மூஞ்சியைக் கழுவு!"

வல்லம் வடகாலில், கார் கதவுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனி. பெண்கள் உடை மாற்றும் அறை. முதல் ஷிஃப்ட் முடிந்து இரண்டாவது ஷிஃப்ட் ஆரம்பிக்கப் போகிற மதியம்.

லைனுக்குள் போகிறவர்கள் செயின், வளையல், மோதிரம் எதுவும் போட்டிருக்கக் கூடாது. மெஷின் நகையைப் பார்த்தால் ஆசைப்படும். நகையோடு கழுத்தையும் சேர்த்துக் கேட்கும்!

அதனால் மெர்சி செயினைக் கழற்றப் போனாள். பென்னலூர்க்காரி. தகட்டில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து ஓக்கே சொல்லுகிற வேலை.

பக்கத்து லாக்கரில் மாரிசெல்வியும் செயினைக் கழற்றப் போனாள். சங்கரன்கோவில் பக்கம். பிரஸ் மெஷின் ஆபரேட்டர். ஹாஸ்டலில் தங்கியிருக்கிறவள்.

இரண்டு செயின். இரண்டிலும் ஒவ்வொரு பித்தளைச் சாவி. இரண்டு சாவியிலும் சிவப்பு நூல்!

அது சாதாரணச் சாவி இல்லை.

ரிப்பேருக்காக மெஷினுக்குள் போகிறவன், முதலில் மெயின் சுவிட்சை அணைத்து அதில் தன்னுடைய சிவப்புப் பூட்டைப் போட வேண்டும். பூட்டோடு அவன் போட்டோ ஒட்டிய அட்டை தொங்கும். சாவி அவன் பாக்கெட்டில். அவன் வெளியே வந்து தன் கையால் திறக்கிறவரை எம்.டி.யே வந்து சொன்னாலும் அந்த மெஷின் அசையக் கூடாது.

ஒரு ஆளுக்கு ஒரு பூட்டு. ஒரு பூட்டுக்கு இரண்டே சாவி. இரண்டாவதை சேஃப்டி ஆபீஸில் ஒப்படைத்துவிட வேண்டும்.

எந்தப் புண்ணியவான் ஆரம்பித்து வைத்தானோ... 'தொலைஞ்சு போச்சு சார்' என்று ஆபீஸில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அந்த இரண்டாவது சாவியைக் காதலியின் கையில் கொடுக்கிற பழக்கம் அங்கே பையன்களிடம் பரவியிருந்தது.

'என் உசுரே இனிமே உன் கையிலதான் புள்ள!'

மோதிரம் போட முடியாதவன் வேறு எதைத்தான் கொடுப்பான்?

மாரிசெல்வி இரண்டு சாவியையும் முதுகோடு முதுகு சேர்த்து வைத்துப் பார்த்தாள். பல்லுக்குப் பல் ஒன்றாக இருந்தது.

"அவுககிட்ட ஒண்ணு. மிச்சம் ஒண்ணுதான். இங்க எப்படிட்டீ ரெண்டு?"

"அத்தையேதான் நானும் கேக்கறேன்!"

"இப்பமே போயி அவுகளையே கேக்கேன். என்னை ஏமாத்தியிருந்தாகன்னு வையி... கொன்னுருவேன்!"

"நீ இன்னாத்துக்குக் கொல்றே? அந்த மெஷின்லயே போட்டு நானே நசுக்கிடறேன்!"

துணி மாற்றிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள்.

மாரிசெல்வி கதவை உதைத்துக்கொண்டு ஒரு பக்கம் போனாள். மெர்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு மறுபக்கம் போனாள்.

கொஞ்ச நேரம்தான்...

டம்ம்ம்ம்!

தரை அதிர்ந்தது. பின்னாலேயே ஓர் அலறல்!

"ஐயோ... எம்மா! யாராவது வாங்களேன்!"

* * *

பிரஸ் ஷாப்பில் லைன் காலியாக இருந்தது. ஒரு ஷிஃப்ட் போய்விட்டது. இன்னொரு ஷிஃப்ட் வரவில்லை.

கடைசி பிரஸ். அதன் வயிற்றுக்குள் இருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சேஃப்டி ஷூவின் மேல் ரத்தம்.

கொம்பையா!

இரண்டு பெண்களும் சண்டை போட்ட அந்த 'அவுக'. தகடு அடிக்கும் அச்சு பழுதானால் சரி செய்கிற ஃபிட்டர். ஷிஃப்ட் மாறுகிற இடைவெளியில் மெஷினுக்குள் நுழைந்து பிசிறு தேய்த்துக்கொண்டிருந்தவன்.

எதிரில் மாரிசெல்வி. அவள் கையில் சிவப்புப் பூட்டு. திறந்திருந்தது! அட்டையில் கொம்பையா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

முதலில் ஓடி வந்தவன் சேஃப்டி ஆபீசர் ஸ்ரீதர். வெள்ளை ஹெல்மெட், இஸ்திரி கலையாத சட்டை.

"யாரும் கிட்ட வராதீங்க! பவரை ஆஃப் பண்ணுங்க! மாரிசெல்வி... என்ன காரியம் பண்ணிட்டே?"

"நான் ஒண்ணுமே செய்யல சார்! வரும்போதே இப்படித்தான்..."

"கையில என்ன?"

அவள் தன் கையைப் பார்த்தாள். அப்போதுதான் பார்க்கிறவள் மாதிரி.

கூட்டத்தில் ஒருவன் மெஷினுக்குள் எட்டிப் பார்த்தான். கத்தினான்.

"சார்! உசுரு இருக்கு சார்! உள்ள இரும்பு முட்டு வெச்சிருக்கான். மேல் அச்சு அதுல இடிச்சு நின்னுடுச்சு. முட்டு நழுவித் தோள்ல அடிச்சிருக்கு!"

"முட்டு... வெச்சிருக்கானா?"

ஸ்ரீதரின் முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"ஆமா சார்! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

* * *

இன்ஸ்பெக்டர் சுந்தராம்பாள் வரும்போதே முழங்கால் வலியோடு வந்தாள். வலி அதிகமானால் அவளுக்கு மூளை வேகமாக ஓடும். ஸ்டேஷனில் அத்தனை பேருக்கும் அது தெரியும்.

"நடேசன்! பையன் எப்படி இருக்கான்?"

"ஹைவே ஓரத்து ஆஸ்பத்திரில சேத்தாச்சு மேடம். தோள் எலும்பு போச்சு. தலையில அடி. நெனப்பு இன்னும் வரல. அவன் சாவி அவன் பேன்ட் பாக்கெட்லயே கீது... இருக்குது மேடம்."

"கேமரா?"

"பிரஸ்ஸோட மூஞ்சியைப் பாக்குது. சுவிட்ச், ஓட்டற பட்டன் எல்லாம் முதுகுப் பக்கம்."

"எல்லா ஊர்லயும் கேமரா வெட்கப்பட்டுத் திரும்பித்தான் நிக்குது. அந்தப் பொண்ணை வரச் சொல்லு."

மாரிசெல்வி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"பூட்டு உன் கைக்கு எப்படிம்மா வந்தது?"

"கீழ தெறந்து கெடந்துச்சு மேடம். எடுத்தேன்."

"போலீஸ் வர்றதுக்குள்ள ஏன் எடுத்தே?"

"அதுல அவுக போட்டோ இருக்குல்லா மேடம்... யாரும் மிதிச்சிரக் கூடாதுன்னு..."



"மெஷினை ஓட்டத் தெரியுமா உனக்கு?"

"அதுதான மேடம் என் வேலையே."

"கொன்னுருவேன்னு கத்தினியாமே?"

"கத்துனேன். நேசிச்சவுக மேலதான அப்படிக் கத்த முடியும்?"

அடுத்து ஸ்ரீதர் வந்தான். கூப்பிடாமலே வந்தான்.

"மேடம், பூட்டுல ஒரு கீறல் இல்ல. சாவி போட்டுத்தான் தெறந்திருக்காங்க. கொம்பையா சாவி அவன்கிட்டயே இருக்கு. அப்ப ரெண்டாவது சாவிதான்."

"அது உங்க ஆபீஸ்ல இருக்கணுமில்ல சார்?"

"இருக்கணும். ஆனா அவன் குடுக்கலியே! தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டான். தலையால அடிச்சுக்கறேன் மேடம்... ஒவ்வொரு கிளாஸ்லயும் கத்தறேன். உன் சாவி உன் உயிர், யார்கிட்டயும் குடுக்காதேன்னு. இவனுங்க லவ்வருக்கு லாக்கெட் மாதிரி மாட்டி விடறானுங்க!"

"ரெண்டு பொண்ணுங்க கழுத்துல இருக்கே?"

"மாரிசெல்விதான் மேடம். அவளுக்குத்தான் மெஷின் ஓட்டத் தெரியும். மெர்சி பாவம்... அவளை விட்டுடுங்க."

"மெர்சி உங்களுக்குச் சொந்தமா?"

"இல்ல... எங்க தெரு. இந்த வேலையில சேர்த்து விட்டதே நான்தான். மழை வந்தா பைக்ல கொண்டு போய் வீட்டுல விடுவேன். அவ்வளவுதான்."

"கொம்பையா வந்ததுக்கப்புறமும் மழை வந்துதா சார்?"

ஸ்ரீதர் ஹெல்மெட்டைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான்.

"அந்தப் பூட்டைக் குடுங்க. ரெண்டு சாவியையும் வாங்கு நடேசன். நான் செக்யூரிட்டி ரூம் வரைக்கும் போயிட்டு வர்றேன். ரெண்டு பொண்ணுங்களையும் ஒரே ரூம்ல உக்கார வை."

"ஒரே ரூம்லயா? கடிச்சுக்கும்ங்க மேடம்!"

"கடிச்சா எது எதைக் கடிச்சுதுன்னு பார்த்து வை."

* * *

டிரெயினிங் ரூம். சுவரில் ஹெல்மெட் போட்ட ஒரு பொம்மை, 'வீட்டில் உனக்காகக் காத்திருக்கிறார்கள்' என்று விரல் நீட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் நடேசன்.

கொலைப் பழி தலைக்கு மேலே தொங்குகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு உயிர் ஊசலாடுகிறது. இவர்கள் பேசியதோ...

"உனுக்கு எப்போ குடுத்தான்?"

"எங்க ஊர் அம்மன் கொடைக்குப் போயிட்டு வந்தப்ப."

"எனுக்கு ஈஸ்டருக்கே குடுத்துட்டான்!"

"முந்திக் குடுத்தா ஆச்சா? என்னை வாய் நிறைய 'புள்ள'ன்னு கூப்பிடுவாக."

"என்னை 'கண்ணு'ன்னு."

"எனக்கு அவுக கையாலயே செயின்ல மாட்டி விட்டாக."

மெர்சி உதட்டைக் கடித்தாள். அது அவளுக்குக் கிடைக்கவில்லை.

"...பொயச்சு வரட்டும். வெச்சுக்கறேன் அவனை."

"நல்லபடியா எந்திரிக்கட்டும். நானும் வெச்சுக்கிடுதேன்."

கதவு திறந்தது.

சுந்தராம்பாள் நொண்டிக்கொண்டே உள்ளே வந்தாள். பின்னால் ஸ்ரீதர். மேஜைமேல் பூட்டை வைத்தாள். பக்கத்தில் இரண்டு சாவிகள்.

"முடிஞ்சுது. மாரிசெல்வி, நீ போகலாம்."

"மேடம்?"

"உன் சாவி டம்மி. இந்தப் பூட்டைத் தெறக்காது. பூட்டைத் தெறந்தது மெர்சியோட சாவி. நெஜமான சாவி அதுதான். நடேசன், மெர்சியை வண்டியில ஏத்து!"

ஜெயிலிலிருந்து தப்பித்தவள் சிரிக்க வேண்டும். மாரிசெல்வி உடைந்து அழுதாள்.

"டம்மியா? அப்பம்... எனக்குக் குடுத்தது பொய்யா மேடம்?"

"பொய்தாம்மா. உசுருக்கு உசுரா நெனைச்சது இவளைத்தான். தன் உயிரையே தூக்கி இவ கழுத்துல போட்டிருக்கான். இவ அதை வெச்சே அவனைக் கொல்லப் பார்த்திருக்கா."

"மேடம்! சத்தியமா நான் பாத்ரூம்ல அய்துகினு இருந்தேன்! மாதா மேல ஆணையா!"

மெர்சி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கண்ணீர் கொட்டியது. கையைப் பிடிக்க நடேசன் கிட்டே வந்தான்.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது போலிருக்கிறது. கண்ணீருக்கு நடுவே அவள் உதட்டில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. சின்னச் சிரிப்பு. மாரிசெல்வியை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்த சிரிப்பு!

"அப்போ... நெசமானதை எனுக்குத்தான் குடுத்தானா மேடம்?"

"சிரிக்காத மெர்சி!"

எல்லோரும் திரும்பினார்கள்.

ஸ்ரீதர்! கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"பல்லைக் காட்டாத! அவன் உனக்கு ஒண்ணும் குடுக்கல! உயிராம், உயிர்! ஏமாத்தியிருக்கான் உன்னை! இவளையும் ஏமாத்தி, உன்னையும் ஏமாத்தி... அந்தச் சாவி அந்தப் பூட்டுல திரும்பக்கூடத் திரும்பாது!"



சுந்தராம்பாள் நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

"அட... சரியாச் சொல்றீங்களே சார்! ரெண்டு சாவியும் இந்தப் பூட்டைத் தெறக்கலதான். செக்யூரிட்டி ரூம்ல வெச்சுப் போட்டுப் பார்த்தேன். நான், நடேசன்... எங்க ரெண்டு பேரைத் தவிர அது யாருக்கும் தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அது... நான்... பார்த்தாலே தெரியும் மேடம்..."

"பூட்டுக்கு ரெண்டே சாவி. ஒண்ணு கொம்பையா பாக்கெட்ல. இந்தப் பொண்ணுங்ககிட்ட இருக்கிறது நெஜ சாவி இல்லைன்னு அடிச்சுச் சொல்லணும்னா, நெஜ சாவியைக் கையில வெச்சிருக்கிறவன்தான் சொல்ல முடியும்."

ஸ்ரீதரின் கை, அவனைக் கேட்காமலே சட்டைப்பையைத் தொட்டது.

"நடேசன்! சார் நெஞ்சு வலிக்குதுன்னு கை வைக்கல. என்னன்னு பாரு."

நடேசன் பார்த்தான். ஐ.டி. கார்டுக்குப் பின்னால் ஒரு சாவி.

போட்டான். திருப்பினான்.

க்ளிக்!

சிவப்புப் பூட்டு வாயைத் திறந்தது. அடுத்த நொடி ஸ்ரீதரும் திறந்தான்.

"ஆமா! நான்தான்! அந்தக் கொம்பையா சேர்ந்த முதல் நாளே ரெண்டாவது சாவியைக் கொண்டு வந்து ஒழுங்கா என் கையில குடுத்துட்டான். அவன் ஒருத்தன்தான் குடுத்தான்! அதை வாங்கி வெச்சுக்கிட்டே பார்த்துட்டிருக்கேன் மேடம்... இவ வேற ஏதோ ஒரு சாவியை முத்தம் குடுத்துக் குடுத்துக் கழுத்துல மாட்டிக்கறா! நான் மழையில நனைஞ்சு கூட்டிட்டுப் போனேன். திரும்பிப் பார்த்தாளா? இன்னிக்கு இவளுங்க சண்டை வராண்டா வரைக்கும் கேட்டுச்சு. கொன்னுருவேன், நசுக்கிடுவேன்னு ரெண்டு பேருமே கத்தினாங்க. அப்பதான்..."

"அப்பதான் அவன் உங்களை நம்பிக் குடுத்ததை எடுத்துக்கிட்டு ஓடினீங்க."

"முட்டு வெச்சிருப்பான்னு தெரியாது மேடம்!"

"ஏன்?"

"பூட்டு போட்டாச்சுன்னா எவனும் முட்டு வைக்க மாட்டான். சோம்பேறிப் பசங்க. கிளாஸ்ல கத்துவேன்... பூட்டும் வேணும், முட்டும் வேணும்னு. ஒருத்தன் கேட்டதில்ல."

"ஒருத்தன் கேட்டிருக்கான் சார். நல்ல வாத்தியார் நீங்க. என்ன, மாணவன் பாஸாயிட்டான்... நீங்க ஃபெயிலாயிட்டீங்க. வண்டியில ஏறுங்க. பாத்து, தலையில இடிக்கும். ஹெல்மெட் இருக்கட்டும்."

மெர்சி அவனைப் பார்க்கவே இல்லை. மேஜைமேல் கிடந்த இரண்டு பித்தளைச் சாவிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்..."

"என்னம்மா?"

"அப்போ இது இன்னா சாவி?"

* * *

கொம்பையா கண் விழித்தான்.

தோளில் மாவுக்கட்டு. தலையில் பெரிய தலைப்பாகையாக பேண்டேஜ். வலது பக்கம் மாரிசெல்வி. இடது பக்கம் மெர்சி. கால்மாட்டில் போலீஸ்.

மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டான்.

"தெறடா கண்ணை!" என்றாள் சுந்தராம்பாள். "டாக்டர் எல்லாம் சொல்லிட்டாரு. தோள் கூடிடும், ஃபிட்டர் வேலைக்கே திரும்பலாம். உன்னை அடிச்சவன் உள்ள இருக்கான். இப்ப என் கேள்வி ஒண்ணே ஒண்ணு. நெஜ சாவியை ஏன் இவங்களுக்குக் குடுக்கல?"

"அது... உசுரு விசயம்லா மேடம்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "சேஃப்டி சார் கிளாஸ்ல சொன்னாரு. கட்டுன பொண்டாட்டிக்கே குடுக்கக் கூடாதுன்னு. எங்க சித்தப்பாவுக்கு ரெண்டு கையிலயும் வெரலு கெடையாது மேடம். மெஷினு விசயத்துல நான் வெளையாட மாட்டேன்."

"பொண்ணுங்க விஷயத்துல மட்டும்தான் வெளையாடுவியா?"

கொம்பையா போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டான்.

"இந்தச் சாவி ரெண்டும் எதோடது?"

"ரூம்ல... என் டிரங்குப் பெட்டிக்குப் போட்டிருந்த பூட்டு மேடம். துருப்பிடிச்சு ஒடைஞ்சு போச்சு. தூக்கிப் போட்டுட்டேன். சாவி மட்டும் சும்மாதான கெடக்குதுன்னு..."

"ஒடஞ்ச பூட்டோட சாவியா!" மெர்சி எழுந்து நின்றாள். "அத்தைப் போய் ஞாயித்துக்கெயமை ஞாயித்துக்கெயமை கோயிலுக்கு மாட்டிகினு போனேனே! கஸ்மாலம்! ஃபாதர் கையால மந்திரிச்செல்லாம் வாங்கினேனே!"

"நான் மஞ்ச வெச்சுக் கும்புட்டேன்," என்றாள் மாரிசெல்வி. குரலில் சத்தமே இல்லை.

சுந்தராம்பாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"தம்பி, மெஷினுக்குள்ள போகும்போது பூட்டுப் போட்டே, முட்டு வெச்சே. இப்ப இருக்கிற எடத்துக்கு ரெண்டுமே இல்ல. நான் கெளம்பறேன். நடேசன், வாய்யா. இது நம்ம எல்லை இல்ல."

போலீஸ் போய்விட்டது.

மாரிசெல்வியும் மெர்சியும் முதல் முறையாக ஒருவரையொருவர் சண்டையில்லாமல் பார்த்தார்கள். மாரிசெல்வி தன் உள்ளங்கையில் இருந்த சாவியை மெர்சியின் சாவியோடு சேர்த்து வைத்தாள். பல்லுக்குப் பல்.

"ஏட்டி மெர்சி."

"இன்னா?"

"பெட்டிப் பூட்டு வாங்குனா கடையில எத்தனை சாவி குடுப்பான்?"

மெர்சி யோசித்தாள். மெல்லத் திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள்.

"மூணு."

இத்தனை நாளும் வாய் நிறைய 'அவுக' என்று சொன்னவள், நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏலே கொம்பையா... மூணாவது எவ கழுத்துல தொங்குது?"